வரிசை பார்த்து வந்த நோய்

பயிர்ப் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் தோழர்களுக்கு,

என் பணிக்காலத்து வெற்றிகளை எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். அவை யாவும் ஆண்டறிக்கைகளில் உள்ளன. அங்கே அவற்றை எவரும் படிப்பதில்லை என்பதால் பாதுகாப்பாகவும் உள்ளன. ஆகவே, அறிக்கையில் ஏறுவதற்கே பெரும்பாடு பட்ட ஒரு நிகழ்ச்சியை எழுதுகிறேன். தக்காளிக் காய்ப்புழுவைக் கொல்லும் முறையை மருந்துக் குப்பியின்மேல் ஒட்டிய தாளே உங்களுக்குச் சொல்லிவிடும். செடியை நாமே கொன்றுவிட்டுப் பூச்சியின்மேல் பழி சுமத்தாதிருப்பது எப்படி என்பதை எந்தத் தாளும் சொல்வதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சிராப்பள்ளித் தென்னூரில் இருந்த எங்கள் கிடங்கில் நான் உதவி அலுவலன். பூச்சியியலில் தேர்ச்சியும் தனித்தமிழில் வேட்கையும் ஒருங்கே பெற்ற ஓர் இளைஞனால் உழவர்கள் எவ்வளவு துன்புறுவார்களோ அவ்வளவும் துன்புற்றார்கள். 'ஸ்பிரேயர்' என்று எவரேனும் சொன்னால், 'தெளிப்பான்' என்று திருத்துவேன். அவர்களும் பணிவாகத் தலையசைத்துவிட்டு, "சரிங்க, அந்த ஸ்பிரேயரு எப்பங்க வரும்?" என்று கேட்பார்கள்.

அக்கேள்வி மிகப் பொருத்தமானது. பதிவேட்டின்படி எங்களிடம் ஆறு தெளிப்பான்கள் நல்ல நிலையில் இருந்தன. உண்மையில் தெளிக்கக்கூடியது ஒன்றுதான்: முதுகில் சுமக்கும் பித்தளைத் தொட்டி ஒன்று. எஞ்சிய ஐந்தும் தணிக்கை நாளன்று துடைத்து வைக்கப்படும் தகுதியை மட்டும் பெற்றிருந்தன. அந்த ஒற்றைத் தொட்டி கொள்ளிடக் கரைக்கும் சமயபுரத்துக்கும் இடையே, தேர்தல் கால வேட்பாளரைப்போல ஓயாது சுற்றிவந்தது.

திருவரங்கத்து உத்தர வீதியில் ஒரு நிலக்கிழார் இருந்தார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அத்தீவின் வடபுறத்தில் அவருக்கு நெல்வயல்கள் உண்டு. கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒன்றரை ஏக்கரை மருதை என்னும் உழவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். மருதை அதில் தக்காளி பயிரிட்டிருந்தார். அதைத் தவிர அவருக்கு வேறு நிலமில்லை. குத்தகையும் ஆண்டுதோறும் வாய்ச்சொல்லாகவே புதுப்பிக்கப்பட்டது. வாழைக்காரர் ஒருவர் அந்நிலத்தின்மேல் கண்வைத்திருந்தார் என்பது ஊரறிந்த செய்தி.

அக்காலத்தில் நெல்வயலில் கோரையை ஒழிக்கப் புதிய களைக்கொல்லி ஒன்று வந்திருந்தது. நிலக்கிழார் புதுமை விரும்பி. களைக்கொல்லியைத் தாமே வரவழைத்துக்கொண்டு, தெளிப்பானை மட்டும் என்னிடம் கேட்டார். பதிவேட்டில் எழுதாமலே கொடுத்தேன். அத்தகைய பெரியவரிடம் கையொப்பம் கேட்பது பண்பாகாது என்று கருதினேன். நான் பண்பு என்று கருதியதில் முக்காற்பங்கு அச்சம் என்பது பின்னர் விளங்கிற்று. மூன்றாம் நாள் தொட்டி திரும்பி வந்தது. கொண்டுவந்த ஆளிடம் செய்தியும் வந்தது: "காவேரித் தீர்த்தத்துல மூணு தரம் அலம்பியிருக்கு, சந்தேகப்பட வேண்டாம்."

நானும் ஐயுறவில்லை. மூன்று தரம் என்னும் எண்ணும் காவிரி என்னும் பெயரும் சேர்ந்தபின் வேதியியலுக்கு அங்கே என்ன வேலை? தொட்டியை அப்படியே மருதையின் தக்காளிக்கு அனுப்பினேன். வெள்ளை ஈக்கும் காய்ப்புழுவுக்குமாக டி.டி.டி. கரைத்துத் தெளிக்கச் சொன்னேன்.

ஒரு கிழமை கழித்து, மருதை ஒரு தக்காளிக் கிளையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு மிதிவண்டியில் தென்னூருக்கு வந்தார். இலைகள் நாடாபோல ஒடுங்கி, காம்புகள் கீழ்நோக்கி வளைந்து, தண்டு முறுக்கிய கயிறாக இருந்தது. நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. நோயை இருந்த இடத்திலிருந்தே கண்டறிவதுதான் கல்வியின் பயன் என்று அப்போது நம்பியிருந்தேன். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் என்று தீர்ப்பளித்து, ஈயை ஒழிக்க இரண்டாம் முறையும் தெளிக்குமாறு பணித்தேன். இடையில் அந்தத் தொட்டி எஞ்சிய கோரைக்காக நிலக்கிழாரின் வயலுக்கு மறுபடியும் போய்வந்திருந்தது. மறுபடியும் மூன்று தரம் அலம்பப்பட்டிருந்தது.

இரண்டாம் தெளிப்புக்குப் பின் பாதி வயல் சுருண்டது. இம்முறை நேரில் சென்றேன். மருதை என்னை வரப்போரமாக அழைத்துச்சென்று, மேற்கிலிருந்து கிழக்காகக் கைகாட்டினார்.

"ஐயா, மொத டப்பா ஊத்தி அடிச்ச வரிசைதாங்க ரொம்ப மோசம். ரெண்டாவது டப்பா கொஞ்சம் பரவால்ல. கடைசி டப்பா இன்னும் கொறைச்சல். அந்த ஈசானி மூலைல டப்பாவோட மூக்கு அடைச்சுக்கிட்டு அடிக்கவே இல்லீங்க. அங்க ஒண்ணுமே இல்ல பாருங்க. ஈக்கு வரிசை தெரியுமாங்க?"

இதைவிடத் தெளிவான அறிவியல் உரையை என் பணிக்காலத்தில் நான் கேட்டதில்லை. ஆனால், அதைச் சொன்னவர் சட்டையணியாதிருந்தார். சான்றிதழும் வைத்திருக்கவில்லை. காற்றின் போக்கு, ஈயின் பறத்தல் ஆற்றல், நோய் வெளிப்படும் காலம் ஆகியவற்றைத் தூய தமிழில் கால்மணி நேரம் விளக்கினேன். இறுதிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படிங்களா" என்றார் மருதை. இந்த 'அப்படிங்களா' என்னும் சொல்லுக்கு அஞ்சப் பழகிக்கொள்ளுங்கள். நம் விளக்கம் பொய் என்று நன்கறிந்தவர்களே அதைச் சொல்வார்கள்.

என் அறிக்கை மேலே சென்றது. அண்டைக் கொல்லைக்காரர்கள் தங்கள் மிளகாய்க்கும் நோய் தொற்றிவிடும் என்று முறையிட்டார்கள். மேலதிகாரி உடனே ஆணையிட்டார்: மருதையின் வயலில் உள்ள செடிகள் அனைத்தையும், சுருண்டவை சுருளாதவை என்னும் வேறுபாடின்றி, அறிக்கை அளித்த உதவி அலுவலர் முன்னிலையில் பிடுங்கி எரித்தல் வேண்டும். எங்கள் அலுவலகம் விரைந்து செயற்பட்ட அரிய தருணங்களுள் அதுவும் ஒன்று. தவறான செய்திகளில் நாங்கள் எப்போதும் விரைவானவர்களே.

ஆணைச் செய்தி உத்தர வீதிக்கும் எட்டிற்று. நிலம் நோய்ப்பட்டுவிட்டபடியால் அடுத்த ஆண்டு வாழைக்கு விடப்போவதாக நிலக்கிழார் சொல்லியனுப்பினார். மருதை என்னிடம் வந்து வாதாடவில்லை. எந்நாள் எரிப்பீர்கள், அதற்குமுன் பழுத்ததைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பலாமா என்று மட்டும் கேட்டார். பறிக்கக் கூடாது என்றேன். எரிக்கும் நாளை மட்டும் இன்னொருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு போய்விட்டார்.

எரிப்பதற்கு முதல்நாள், தொட்டியின் அழுத்துதண்டு கசிகிறது என்று சத்திரத்துப் பக்கம் இருந்த காதர் பாயின் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் கருவிகளைப் பழுதுபார்ப்பவர் அவரே. அழுத்துதண்டைக் கழற்றி, அதன் முனையிலிருந்த தோல் வளையத்தை எடுத்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"ஸார், இதுல என்ன அடிச்சீங்க?"

பூச்சிமருந்து என்றேன்.

"பூச்சிமருந்து வாசம் எனக்குத் தெரியாதா ஸார்? அதோடதானே குடித்தனம் நடத்துறேன். இது ஆஸ்பத்திரில தரை கழுவுற வாசமால்ல இருக்கு. இந்தாங்க, மூக்கை வெச்சுப் பாருங்க. ரொம்ப இழுத்துராதீங்க."

முகர்ந்தேன். தெளிப்பானைக் கொடுக்கப் போன அன்று, நிலக்கிழார் தம் வீட்டில் களைக்கொல்லிக் குப்பியைத் திறந்து காட்டியபோது எழுந்த அதே நெடி.

"தொட்டியைக் கழுவிருப்பாங்க ஸார். பித்தளைல ஒட்டுனது போயிரும். தோலும் ரப்பர் டியூபும் குடிச்சிருமே. குடிச்சதை அது ஒரேயடியா கக்காது. கொஞ்சங் கொஞ்சமாத்தான் விடும்" என்றார் காதர் பாய்.

முதல் தொட்டிக்கு மிகுதி, அடுத்ததற்குக் குறைவு, கடைசிக்கு இன்னும் குறைவு. வரிசை தெரிந்த ஈ எது என்று அப்போதுதான் விளங்கிற்று. கோரையோடு அகன்ற இலைக் களைகளையும் முறுக்கிக் கொல்வதற்கென்றே செய்யப்பட்ட மருந்து அது. அகன்ற இலையுடைய தக்காளி, அதன் கணிப்பில், ஒரு களையே. களை என்று நினைத்த அம்மருந்துக்கும் நோய் என்று நினைத்த எனக்கும் அறிவில் பெரிய வேறுபாடில்லை. மருந்தாவது தன் வேலையைச் செய்தது.

தோல் வளையத்தை மாற்ற வேண்டா, இன்னும் ஒரு நாள் அப்படியே இருக்கட்டும் என்று கூறித் தொட்டியை வாங்கிக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினேன். முழுவதையும் கேட்டார்.

"ஆர்டர் போட்டாச்சு. நகல் அஞ்சு ஆபீசுக்குப் போயாச்சு. இப்ப வந்து நோய் இல்லேங்கறீர். எதை வெச்சு? ஒரு மெக்கானிக்கோட மூக்கை வெச்சு. இதை நான் மேல எழுதினா என்னைச் சிரிப்பாங்களா, உம்மைச் சிரிப்பாங்களா?"

இருவரையும் சிரிக்கலாம் என்றேன். அவருக்கு அது சுவைக்கவில்லை. ஒரு நாள் தவணை கேட்டேன். ஆணையை ஒத்திவைக்கத் தமக்கு அதிகாரமில்லை என்றார். அது உண்மையுமாகும். எரிக்க ஓர் அலுவலருக்கு இருக்கும் அதிகாரம், எரிக்காதிருக்க அவருக்கு இருப்பதில்லை.

அப்போதுதான் ஆணையின் வாசகம் நினைவுக்கு வந்தது: உதவி அலுவலர் முன்னிலையில். அவர் மேசையிலேயே ஒரு தாள் எடுத்து, கடும் வயிற்றுவலி காரணமாக மறுநாள் பணிக்கு வர இயலாமைக்கு வருந்தி விடுப்பு விண்ணப்பம் எழுதி நீட்டினேன். இரண்டுமுறை படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளன்னிக்குக் காலைல சரியாயிடுமா இந்த வயித்துவலி?"

"ஆகிவிடும் என்று நம்புகிறேன்."

"ஒரு நாள்தான். ரெண்டாவது நாளும் வலிச்சா அது வயித்துவலி இல்ல, கீழ்ப்படியாமை" என்று சொல்லி ஒப்பமிட்டார். துறையில் எனக்குக் கிடைத்த பயிற்சிகளில் அந்த ஒப்பத்துக்கு ஈடானது வேறில்லை. விதிகளை மீறாமலே ஒரு மனிதர் எவ்வளவு நல்லவராக இருக்கலாம் என்பதை அன்று கண்டேன். அவர் மீண்டும் அவ்வளவு நல்லவராக இருந்ததில்லை என்பதையும் உண்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் விடிந்ததும், வயிற்றுவலிக்காரனாகிய நான் தொட்டியைச் சுமந்துகொண்டு கொள்ளிடக் கரைக்குச் சென்றேன். மருந்தில்லாமல் வெறும் ஆற்றுநீரை நிரப்பி, சுருளாத ஈசான மூலையில் ஒரு செடியின்மேல் தெளிக்கப்போவதாகவும், ஒரு செடியை இழக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் மருதையிடம் கூறினேன்.

"எரிக்கப் போற வயல்ல ஒரு செடிக்கு என்னங்க கணக்கு" என்றார் அவர். பிறகு யோசித்தார். "ஒண்ணுல அடிச்சா பத்தாதுங்க. ஆத்துத் தண்ணிதான் கெட்டுப்போச்சும்பாங்க. பக்கத்துச் செடிக்கு அதே தண்ணிய நான் கையால தெளிக்கறேன். ரெண்டையும் பாப்போம்."

ஒப்பீட்டுச் செடி ஒன்று வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் வேளாண்மைக் கல்லூரியில் நான்காண்டு பயின்றவன். அவர் பயிலவில்லை. ஆதலால் அவருக்குத் தோன்றிற்று.

மறுநாள் காலை மேலதிகாரியையும் உடனழைத்துச் சென்றேன். மருதை கையால் தெளித்த செடி நிமிர்ந்து நின்றது. நான் தெளிப்பானால் நீர் தெளித்த செடியின் காம்புகள் தொங்கி, நுனி ஒரு பக்கமாக முறுகத் தொடங்கியிருந்தது. மேலதிகாரி இரண்டையும் பார்த்தார். அண்டைக் கொல்லைக்காரர்களும் பார்த்தார்கள். பிடுங்க வந்த ஆட்களைத் திருப்பியனுப்பினார். அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பி, தொட்டியில் களைக்கொல்லி எப்படி வந்தது என்று விரிவாக ஓர் அறிக்கை அன்று மாலைக்குள் வேண்டும் என்றார்.

வயல் தப்பியது. குத்தகை இன்னும் தப்பவில்லை. நேரே உத்தர வீதிக்குச் சென்றேன். நிலக்கிழார் பூசை முடித்து, ஊஞ்சலில் அமர்ந்திருந்தார்.

"வாரும், வாரும். தக்காளி விஷயந்தானே? நம்மாத்துல அந்தச் சீமைக் காயைச் சேர்க்கறதேயில்லை. அதுக்கு வந்த வியாதிக்கு நான் என்ன சொல்ல?"

வியாதி இல்லை, அவர் அலம்பிய தொட்டிதான் என்று விளக்கினேன். ஊஞ்சல் நின்றது.

"அடியேன் பேரு ரிப்போர்ட்ல வரணுமோ?"

தெளிப்பான் எங்கே போயிற்று, அதில் என்ன ஊற்றப்பட்டது என்று எழுதித்தான் ஆகவேண்டும் என்றேன்.

"சரியா அலம்பலைன்னு மட்டும் எழுதும். அதுல பொய் ஒண்ணுமில்லையே. எங்க போச்சு, என்ன மருந்துங்கறதெல்லாம் எதுக்கு? நாலு பேர் வாயில விழணுமா இந்த வயசுல? குத்தகை அவனுக்கே இருக்கட்டும். வாழைக்காரனுக்கு நான் சொல்லிக்கறேன். பெருமாள் கிருபை, எல்லாம் நன்னா முடிஞ்சுடுத்து."

நானும் அதையே எழுதினேன்: தெளிப்பான் போதிய அளவு தூய்மை செய்யப்படாமையால் நேர்ந்த இழப்பு, பொறுப்பு முழுவதும் என்னுடையது. அழகான ஒற்றை வாக்கியம். பழியை நானே சுமந்து ஓர் ஏழையின் நிலத்தைக் காத்துவிட்டேன் என்ற பெருமிதத்தோடு, அறிக்கையைக் கொடுக்குமுன், மிதிவண்டியை மிதித்துக் கொள்ளிடக் கரைக்குச் சென்று மருதையிடம் அதைப் படித்துக்காட்டினேன். நன்றியை எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

மருதை சுருண்ட செடி ஒன்றின் நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளிய இடத்துக்குக் கீழே புதுத்தளிர் வரும் என்று அவருக்கு நம்பிக்கை. நிமிராமலே கேட்டார்: "அந்த டப்பா இப்ப எங்கங்க போவுது?"

தோலையும் குழாயையும் மாற்றியபின் சமயபுரத்துப் பக்கம் ஒருவருடைய தக்காளிக்குப் போகிறது என்றேன்.

"அப்புறம் சாமி மறுபடி கோரைக்குக் கேப்பாரு. அதே டப்பாதானே போவும். மூணு தடவை கழுவித் திருப்பி அனுப்புவாரு. அது அப்புறம் யாரு வயலுக்குங்க போவும்?"

படித்துக்காட்டிய தாளை மடித்தேன்.

"களைமருந்துன்னே இதுல எழுதலையே ஐயா. அந்த ஆளு செடியும் சுருண்டா நோயின்னுதானே எழுதுவீங்க? அவன் வயலை எரிக்கத்தானே வருவீங்க? எல்லாத்தையும் எழுதுங்க."

குத்தகை என்ன ஆகும் என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"போனா போவுதுங்க. என் வயலுக்காக அடுத்தவன் வயலைப் பணயம் வெக்கச் சொல்லி நான் உங்ககிட்ட கேக்கல."

இளம் தோழர்களே, இவ்விடத்தில் உங்களுக்கு ஏதேனும் அறிவுரை கூற வேண்டும் என்று தோன்றுகிறது. கூற எனக்குத் தகுதியில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து அந்த அழகான வாக்கியத்தை அடித்தேன். களைக்கொல்லியின் பெயர், நிலக்கிழாரின் பெயர், பதிவேட்டில் எழுதாமல் நான் கொடுத்த இரண்டு தடவைகள், தோல் வளையம், காதர் பாயின் மூக்கு ஆகிய அனைத்தையும் எழுதினேன். அன்று மாலையே கொடுத்துவிட்டேன்.

வாரங்கள் சென்றன. முதலில் எனக்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. அது முறையே. மருதையின் வயலில் கிள்ளிய செடிகள் தழைத்து, பாதிக்குமேல் தேறின. காய்கள் சில கோணலாக வந்தன. நிலக்கிழாரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வாழைக்காரர் ஒருமுறை வந்து வரப்பை அளந்துவிட்டுப் போனார்.

அதன்பின் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. என் அறிக்கையை அங்கே ஒருவர் முழுமையாகப் படித்திருக்கிறார். இதுவே நான் கண்ட பெரிய அதிசயம். படித்தவர் அதிலிருந்து கண்டுகொண்ட செய்தி, இம்மாவட்டத்தில் தாமாகவே முன்வந்து களைக்கொல்லி பயன்படுத்திய நிலவுடைமையாளர் ஒருவர் இருக்கிறார் என்பதே. அத்தகைய ஒருவரைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்களாம். வேளாண் கண்காட்சி மேடையில் அவருக்கு முன்னோடி உழவர் என்று பாராட்டிதழ் வழங்க முடிவாயிற்று. அதைத் தூய தமிழில் எழுதி வாசிக்கும் பொறுப்பு, இயல்பாகவே, என்னிடம் வந்தது.

மறுக்கலாம் என்று எண்ணினேன். பிறகு, வயிற்றுவலியைவிட நல்ல வழி இதில் இருப்பது தெரிந்தது. எழுதினேன்: "களைக்கொல்லி தெளித்த கருவியைத் தக்காளி முதலான பயிர்களுக்கு ஒருகாலும் பயன்படுத்தலாகாது என்னும் பேருண்மையை, கொள்ளிடக் கரையில் தமக்குரிய குத்தகை நிலத்தில், உழவர் மருதை பயிரிட்ட தக்காளியின் வாயிலாக இம்மாவட்டத்துக்கு முதன்முதல் உணர்த்திய பெருந்தகை."

கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. பாராட்டிதழ் உத்தர வீதி வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிற்று. களைக்கொல்லிக்கு எனத் தனித் தெளிப்பான் ஒதுக்குமாறு எல்லாக் கிடங்குகளுக்கும் ஆணை போயிற்று. ஒரு தவற்றைக் கேட்டு அசையாத அலுவலகம், பெருந்தகையின் கண்டுபிடிப்பைக் கேட்டு அசைந்தது. வாழைக்காரர் மறுபடி வரவில்லை. வெளியூர்ப் பெரியவர்கள் வரும்போதெல்லாம் நிலக்கிழார் அவர்களைக் கரைக்கு அழைத்துச் சென்று, கோணல் தக்காளிகளைக் காட்டி, தம் ஆராய்ச்சியை விளக்கிவந்தார். ஆராய்ச்சி நிலத்தில் வாழை வைக்க எவருக்கு மனம் வரும்?

பாராட்டிதழ் வாசித்த அன்று விழா முடிந்து வெளியே வந்தபோது, பந்தலின் கடைசிக் காலருகே மருதை நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா வாசிச்சீங்க. ஒண்ணும் புரியல" என்றார்.

எளிய பேச்சில் சொன்னேன். 

"அப்ப என் தக்காளி சுருண்டது சாமி பண்ணின ஆராய்ச்சிங்களா?"

"அரசு அப்படித்தான் கருதுகிறது."

"டப்பா சமாசாரம் அதுல இருக்கா?"

"இருக்கிறது."

"களைமருந்துன்னே இருக்கா?"

"அப்படியே இருக்கிறது."

"அப்ப சரிங்க" என்றார் மருதை. "அவரு பேருலயே இருந்துட்டுப் போவட்டும்."